வண்டி ரிப்பேருக்கு ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

நம் சங்க உறுப்பினர்களில் சொந்த வண்டி இல்லாதவர்கள் இன்று மிகக் குறைவு. சரக்கு எடுக்க ஒரு குட்டி யானை, வீட்டுக்கு ஒரு கார் என்று பலரிடம் இரண்டும் இருக்கின்றன. சிலரிடம் பழைய மாருதி வேன் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது. என் மண்டிக்கு வரும் சில்லறை வியாபாரிகள் மூட்டை ஏறும்வரை உட்கார்ந்து பேசும் பேச்சில், முன்பெல்லாம் புளி விலையும் மிளகாய் வரத்தும்தான் இருக்கும். இப்போது ரிப்பேர் செலவும் சேர்ந்துகொண்டது. "பட்டறையில் ஸ்பேருக்கு ஒரு விலை போடுகிறார்கள். அதே பெட்டி ஸ்பேர் கடையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் மெக்கானிக் முகத்தைச் சுளிக்கிறார். இது என்ன நியாயம்?" என்று திருக்கழுக்குன்றம் சாலைக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். அவரைப் போல் கேட்டவர்கள் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

வாங்கிக் கொடுக்கலாம், அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பாகத்தை வாங்கும் வேலையோடு அந்தப் பாகத்துக்கான பொறுப்பும் நம் தலைக்கு வந்துவிடுகிறது. இதை முதலிலேயே பேசிக்கொள்ளாததால்தான் முகச்சுளிப்பும் சண்டையும் வருகின்றன. சில பாகங்களில் இந்தப் பொறுப்பை ஏற்பது லாபம், சிலவற்றில் பெரிய நஷ்டம். எது எதில் என்று பார்ப்போம்.

பொருளை நாம் கொடுத்து வேலையை மட்டும் அடுத்தவரிடம் வாங்குவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. மாவு மில்லுக்கு அரிசியை நாம்தான் கொண்டுபோகிறோம். செக்குக்குக் கடலையும் தேங்காய்ப் பருப்பும் நம்முடையவை. தையற்காரரிடம் துணியைக் கொடுக்கிறோம், ஆசாரியிடம் பழைய தங்கத்தைக் கொடுக்கிறோம். வீடு கட்டும்போதும் 'லேபர் காண்ட்ராக்ட்'டா, 'மெட்டீரியலோடு' காண்ட்ராக்டா என்று முதல் நாளே பேசிவிடுகிறோம். இவற்றில் எல்லாம் கூலி தனி, பொருள் தனி என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

மளிகைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கல்யாணச் சமையல். சமையல் மாஸ்டர் லிஸ்ட் போட்டுக் கொடுக்கிறார், பெண் வீட்டார் அதை எடுத்துக்கொண்டு நம் கடைக்கு வருகிறார்கள். நல்ல துவரம் பருப்பாகவே போட்டு அனுப்புகிறோம். மறுநாள் காலையில் போன் வருகிறது: "பருப்பு வேகவில்லையாம், மாஸ்டர் கத்துகிறார்." நாம் என்ன கேட்கிறோம்? "எங்கே சமையல்?" என்று கேட்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மண்டபம் என்றால் நமக்குப் புரிந்துவிடும். அங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பும் கடினமுமான நீரில் எந்தப் பருப்பும் சீக்கிரம் வேகாது. பருப்பு நம்முடையது, தண்ணீர் மண்டபத்துடையது, அடுப்பு மாஸ்டருடையது. மூன்று பேரில் யார் பதில் சொல்வது? மாஸ்டரே சாமான்களையும் சேர்த்து இலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் நல்ல தண்ணீர் லாரியை வரவழைத்துச் சமாளித்திருப்பார். அந்தச் சமாளிப்புக்கும் சேர்த்துத்தான் இலைக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்.

பட்டறையில் நடப்பதும் இதேதான். கணக்குக்காக, பெட்டியில் அச்சிட்ட விலை 4,000 ரூபாய் உள்ள ஒரு கிளட்ச் செட்டை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் தினசரி வாங்குகிறவர் என்பதால் ஸ்பேர் கடைக்காரர் அவருக்குக் கழிவு போட்டு 3,400க்குத் தருகிறார். மெக்கானிக் நமக்கு அச்சிட்ட விலையைப் போடுகிறார். நடுவில் நிற்கும் 600 ரூபாயைப் பார்த்துத்தான் நமக்கு வயிறு எரிகிறது. அந்தக் கழிவு நமக்கே கிடைக்கலாமே என்று தோன்றுகிறது. நாம் மட்டும் மூட்டையை வாங்கின விலைக்கே சில்லறைக்கு விற்கிறோமா என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த 600 ரூபாயில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியான பாகத்தைத் தேர்ந்தெடுத்த அறிவு, வாங்கிவர அலைந்த பையனின் நேரம், தவறான பாகம் வந்தால் திருப்பிக் கொடுக்கும் செல்வாக்கு, பத்து நாளில் அது கெட்டால் மீண்டும் கியர் பாக்ஸை இறக்கி இலவசமாக மாற்றித் தரும் கடமை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கிளட்ச் செட்டில் பாகத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் உழைப்புதான் பெரிய பாடு. மெக்கானிக் வாங்கிப் போட்டது கெட்டால் இரண்டாம் முறை உழைப்பு அவர் செலவு. நாம் வாங்கிக் கொடுத்தது கெட்டால் ஸ்பேர் கடைக்காரர் அதிகபட்சம் பெட்டியை மாற்றித் தருவார். இரண்டாம் முறை கூலியை அவர் தரமாட்டார், எந்தக் கம்பெனியின் வாரண்டி அட்டையிலும் சாதாரணமாக அது இருப்பதில்லை. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். என் வண்டியைப் பல வருடங்களாகப் பார்க்கும் தம்பி ஒருவர் சொல்வது இது: "முதலாளி, நீங்களே வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன். ஆனா கூலி கொஞ்சம் கூட ஆகும். நாளைக்குப் பார்ட்ல கோளாறுன்னா திரும்பவும் கூலி வாங்குவேன்." இதில் நியாயம் இருக்கிறது. கூலியைக் குறைவாகச் சொல்லி, பாகத்தில் மறைத்து வாங்கும் வழக்கம்தான் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நாம் பாகத்தை எடுத்துக்கொண்டால் கூலி தன் உண்மையான அளவுக்கு வந்து நிற்கிறது. அதைக் கேட்டு அதிர்ச்சியடைவது வியாபாரிக்கு அழகில்லை.

மெக்கானிக்கின் இன்னொரு கஷ்டம், நாம் பாகத்தோடு நோயின் பெயரையும் கொண்டுபோவது. கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பகுதிகளில் ஓடும் வண்டிகளை உப்புக் காற்று அரிக்கிறது. மீன் ஏற்றும் வண்டி என்றால் ஐஸ் உருகி உப்பு நீர் சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் பேட் இரண்டு பக்கமும் சமமாகத் தேய, காலிபர் தன் ஊசிகளின் மேல் தாராளமாக நகர வேண்டும். அந்த ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும். வண்டிக்காரர் கிறீச்சென்ற சத்தத்தைக் கேட்டதும் நேராக ஸ்பேர் கடைக்குப் போய்ப் புதிய பேட் வாங்கிவந்து, "இதை மாற்று" என்கிறார். மெக்கானிக் மாற்றுகிறார். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே சத்தம். வண்டிக்காரருக்குப் பேட் கம்பெனி மேல் கோபம், மெக்கானிக் மேல் சந்தேகம். உண்மையில் செய்ய வேண்டியிருந்தது ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் வைத்து, ரப்பர் உறையை மாற்றும் சின்ன வேலை. மண்டபத்துத் தண்ணீரை விட்டுவிட்டுப் பருப்பைத் திட்டியது போலத்தான்.

ஆகவே முதலில் வண்டியைக் காட்டுங்கள். என்ன கோளாறு என்று மெக்கானிக் சொல்லட்டும், அதற்கு ஒரு பார்வைக் கூலி கேட்டால் கொடுங்கள். பிறகு லிஸ்ட் வாங்கிக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போங்கள். "இதை மாற்று" என்று நாம் சொல்லி அவர் மாற்றினால், கோளாறு தீராததற்கு அவரைக் கேட்க முடியாது.

கம்பெனிகள் மீது நடந்த வழக்கு

சிறு பட்டறையோடு நமக்குள்ள தகராறு ஆயிரம் ரூபாய்த் தகராறு. இதே விஷயத்தில் கோடிக் கணக்கில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் தங்கள் அசல் உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல் தங்கள் டீலர்கள் வழியாக மட்டுமே தருகின்றன, கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் தொழில்நுட்பப் புத்தகங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுப்பதில்லை, இதனால் வண்டிக்காரர் கம்பெனி சொன்ன விலைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பது சாரம். முதலில் மூன்று கம்பெனிகள் மேல் தொடங்கிய விசாரணை பிறகு நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் தொட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் தீர்ப்பளித்தது. 2015 ஜூலையில் ஹூண்டாய்க்குத் தனியாகச் சுமார் 420 கோடி. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் மூன்றின் வழக்கில் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதி செய்தது, அபராதத்தை மட்டும் உதிரிப் பாக விற்பனையை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது.

அபராதத் தொகையைவிட நமக்கு முக்கியமானது ஆணையம் வாரண்டி பற்றிச் சொன்னது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அந்த உத்தரவு. ஷோரூம் ஆள் "வெளியில் கைவைத்தால் வாரண்டி போச்சு" என்று சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1975லேயே வாரண்டி பற்றி இதே போக்கில் ஒரு சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று.

ஆனாலும் என் யோசனை, வாரண்டி உள்ள வண்டியில் இஞ்சின், கியர், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் சொந்த ஸ்பேரோடு போகாதீர்கள். உரிமை நம் பக்கம் இருந்தாலும், சேதம் எதனால் வந்தது என்று வாதாட வண்டியைப் பல வாரம் நிறுத்திவைக்க வேண்டி வரும். பண்டிகை நேரத்தில் சரக்கு வண்டி நின்றால் மிச்சம் பிடித்த ஆயிரம் எந்த மூலைக்கு?

நம் ஊரிலேயே உண்டான கார்கள்

ஸ்பேரைத் தானே தேடி அலைவது நம் பகுதிக்காரர்களுக்குத் தெரியாத பாடம் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் பிறகு கெஸல் காரும் அங்கேதான் செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு அந்த வண்டி வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் புதுப்பேட்டைதான் கதி. அவர்கள் பட்டறைக்குப் போகும்போது பையில் பாகத்தோடு போவதுதான் வழக்கம், எந்த மெக்கானிக்கும் கோபித்துக்கொண்டதில்லை. வேறு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை. உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. உதிரிப் பாகமும் சர்வீசும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. அப்படியிருந்தும் ஃபோர்டு வண்டி வைத்திருந்தவர்கள் அன்றைக்கு வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டார்கள். பலர் சாதாரணமாகத் தேயும் பாகங்களை முன்னதாகவே வாங்கி வீட்டில் வைத்ததை நான் பார்த்தேன். இப்படி வாங்கி வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பில்டர், பிரேக் பேட், பல்பு போன்றவை நிற்கும். பெல்ட்டு, ஹோஸ், ரப்பர் புஷ் போன்றவை வருடக் கணக்கில் வெயில் படும் பரணில் கிடந்தால் மாட்டுவதற்கு முன்பே உயிரை விட்டுவிடும். பேட்டரியை வாங்கிச் சும்மா வைப்பது கூடவே கூடாது. ஸ்டாக்கின் வயது பற்றி மளிகைக்காரருக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

எதை வாங்கலாம்

தயங்காமல் நாமே வாங்கக் கூடியவை பேட்டரி, டயர், வைப்பர், பல்பு, ஏர் பில்டர், சீட் கவர், கண்ணாடி மூடி போன்றவை. இவற்றில் அளவு தவறினால் உடனே தெரிந்துவிடும், டயரைத் தவிர மற்றவை கெட்டாலும் ஆபத்து குறைவு. பேட்டரிக்கும் டயருக்கும் வாரண்டி வாங்கினவர் பெயரில் வருவதால் நாமே வாங்குவது இன்னும் நல்லது. பழைய பேட்டரிக்கு ஈயத்தின் விலை உண்டு, அதைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இஞ்சின் ஆயிலை நாமே வாங்குவதைப் பலமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. பழைய வண்டிக்கு ஊற்றிய ஆயிலையே அதற்கும் ஊற்றினால் நாளடைவில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதன் விலை ஆயில் விலையைப் போல் பல மடங்கு. சீல் உடைக்காத கேனைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி கேனை அங்கே விட்டுவராமல் ஓட்டை போட்டு எறியுங்கள். போலி ஆயில்காரனுக்கு ஆயிலைவிடக் காலி கேன்தான் கிடைப்பதற்கு அரிய சரக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது, ஆகையால் திறந்து பாதி மிச்சமுள்ள பழைய பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள்.

பிரேக் பேட், கிளட்ச், வீல் பேரிங், டைமிங் பெல்ட்டு போன்றவற்றை மெக்கானிக் எழுதிக் கொடுத்த எண்ணோடு மட்டும் வாங்குங்கள். வண்டிப் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதாது. ஒரே வருடத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு விதப் பாகம் வந்திருக்கும். ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணையும், முடிந்தால் பழைய பாகத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் பல வீல் பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் காந்தப் பட்டை இருக்கிறது. காந்தம் இல்லாத பேரிங்கும் அளவில் கச்சிதமாகப் பொருந்தும், வண்டியும் ஓடும், ஆனால் ஏ.பி.எஸ். விளக்கு அணையாது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றிய பேரிங்கைக் கழற்றினால் மறுபடி பயன்படாது, ஸ்பேர் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். சென்சார் போன்ற எலக்ட்ரிக்கல் சாமான்களுக்குப் பல கடைகளில் 'ரிட்டர்ன் இல்லை' என்று போர்டே தொங்குகிறது. இவற்றைப் பட்டறைப் பொறுப்பில் விட்டுவிடுவதே மேல்.

விலை விஷயத்தில் மொத்த வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, ரானே குழுமம் என்று நம் சென்னையைச் சுற்றியே பெரிய பெரிய உதிரிப் பாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கார் கம்பெனிக்குப் பாகம் கொடுக்கும் இத்தகைய கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் போட்டு விற்பதுண்டு. கார் கம்பெனிப் பெட்டியைவிட இது பெரும்பாலும் விலை குறைவு. மில் பெயர் போட்ட மூட்டைக்கும் பிராண்டு பெயர் போட்ட மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிந்ததுதானே. நாமே ஸ்பேர் வாங்கப் போவதில் உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது. மெக்கானிக்கின் கழிவைப் பிடுங்குவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

போலியைக் கண்டுபிடிப்பதில் நாம் மற்றவர்களைவிட ஒரு படி மேல். டீத்தூள் முதல் சோப்பு வரை போலியைப் பார்த்த கண் நம்முடையது. பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, பேக் செய்த மாதம் வருடம், புகார் தொலைபேசி எண் இருக்கிறதா, அச்சு மங்கலா, எழுத்துப் பிழை உண்டா, பெட்டியின் எண்ணும் உள்ளே பாகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பாதி விலை என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். வணிக முத்திரைச் சட்டம், 1999இன்படி போலி முத்திரைச் சரக்கு விற்பது ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். புதுச் சரக்கு வேண்டுமென்றால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் கதவு, பம்பர், விளக்குக் கூடு, கண்ணாடி வாங்கலாம், தவறில்லை. ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள். அந்த இரும்புக்குள் எந்த விபத்தின் விரிசல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைப் பையனை நம்பி, மூட்டைகளை ஏற்றி, மாமல்லபுரம் சாலையில் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே அந்த வண்டியை அனுப்பப் போகிறோம்.

பில்லில் உள்ள லாபம்

சரக்கு வண்டி வைத்திருக்கும், ஜி.எஸ்.டி.யில் முறையாகப் பதிவு செய்த வியாபாரிக்கு ஸ்பேரைத் தானே வாங்க இன்னொரு காரணம் உண்டு. சிறிய பட்டறைகள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்காது. வருட வரவு வரம்புக்குள் இருப்பதால் தேவையும் இருக்காது. அவர் வாங்கிப் போடும் ஸ்பேருக்கு அவர் கட்டிய வரி நமக்கு வராவாகக் கிடைக்காது. அதையே நாம் பதிவு பெற்ற ஸ்பேர் கடையில் நம் எண் போட்டுப் பில் வாங்கினால், சரக்கு வண்டிக்கான உதிரிப் பாகத்தின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். முன்பு 28 சதவீதத்தில் இருந்த உதிரிப் பாகங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. 10,000 ரூபாய் ஸ்பேர் என்றால் 1,800 ரூபாய். மெக்கானிக்கிடம் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட இது அதிகம், யார் மனமும் நோகாது.

காம்பவுண்டிங் முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வீட்டுக் காரின் ரிப்பேர் சேவை வரியையும் கழிக்க முடியாது. உங்கள் கணக்காளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடப்போகும் வண்டியில் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள், எந்த ஸ்பேரும் வாங்காதீர்கள். பம்பர் இருபது சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட்டு வாங்கினவருக்கு அந்தப் பில் கையில்தான் நின்றது.

பேசிக்கொள்ள வேண்டியவை

வேலை தொடங்கும் முன், கூலி எவ்வளவு, சொந்த ஸ்பேர் என்றால் அது எவ்வளவு கூடும், மாட்டின வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு என்று கேளுங்கள். ஸ்பேர் கெட்டால் யார், மாட்டினது கெட்டால் யார் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும். பெட்டியை மெக்கானிக் முன்னால் பிரியுங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதைக் கேட்டு வாங்குவதால், மாற்றினார்களா இல்லையா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தவறான பாகத்தை வாங்கிவந்துவிட்டு, மாற்றிவரும்வரை வண்டியைக் குழியின் மேலேயே நிறுத்தி வைக்காதீர்கள். பட்டறையில் அந்த இடம் நம் கடை கல்லாப் பெட்டி மாதிரி. அது அடைபட்ட நேரத்துக்கு அவருக்கு வருமானம் இல்லை. அதற்கு ஒரு தொகை கேட்டால் கொடுப்பதுதான் முறை.

தகராறு முற்றினால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி, நாம் ஒப்படைத்த வண்டியையும் பாகத்தையும் தன் சொந்தப் பொருளைப் போல் கவனத்தோடு காப்பது பட்டறைக்காரர் கடமை. அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை தருகிறது. ஆகவே கூலியைக் கொடுக்காமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வர நினைக்காதீர்கள். கொடுத்துவிட்டு, ஆட்சேபத்தை எழுதி ரசீது வாங்கிக்கொண்டு பிறகு வழக்காடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் வியாபார நோக்கத்துக்கான சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது, சொந்த உழைப்பில் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சிறு கடைக்காரர் தன் குட்டி யானையைத் தானே ஓட்டிச் சரக்கு எடுத்துப் பிழைப்பவராக இருந்தால் அதை மனுவிலேயே எழுத வேண்டும்.

ஸ்பேர் கடைக்காரர்களும் நம்மைப் போன்ற வணிகர்களே, பட்டறைக்காரர்கள் நம் கடைகளுக்கு மாதச் சாமான் வாங்க வருகிறவர்களே. அதனால் செங்கல்பட்டு, மறைமலைநகர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதிப் பட்டறைக்காரர்களையும் ஸ்பேர் கடைக்காரர்களையும் அழைத்து ஒரு மாலை நம் சங்கம் பேசலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பொதுவான பத்து வேலைகளுக்கு, சொந்த ஸ்பேரோடு ஒரு கூலி, பட்டறை ஸ்பேரோடு ஒரு கூலி என்று இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் போர்டில் எழுதித் தொங்கவிட அவர்கள் சம்மதித்தால் போதும். இதில் அனுபவம் உள்ள உறுப்பினர்கள், எந்த வேலைக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்பதைப் பில்லோடு சங்க அலுவலகத்தில் கொடுத்துவைத்தால், பேச உட்காரும்போது கையில் கணக்கு இருக்கும்.